வியாகுல மாதாவுக்கு இந்த வருஷச் சேலை

தோ பாயோ
ஜூன் 20

சங்கைக்குரிய செபஸ்தியான் சாமி அவர்களுக்கு,

சவேரியம்மாள் எழுதுகிறேன். சர்வேசுரனுக்குத் தோத்திரம். உங்கள் கால் வீக்கம் வடிய வேண்டும் என்று தினமும் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கென்று கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டு என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

என் மகள் பிலோமினா செத்த அன்று திருச்சியிலிருந்து போன் செய்தீர்கள். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. போனைக் காதில் வைத்தால் எனக்கு அழுகை மட்டும்தான் வருகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

நம் கோயிலைத் திறந்துவிட்டார்கள். நீங்கள் திருச்சிக்குப் போகும்போது சாரம் கட்டி மூடிக் கிடந்தது. இப்போது வெள்ளையடித்து, கோபுரத்துச் சிலுவைக்குப் பொன் பூசி, தேக்கா சந்தைப் பக்கத்திலிருந்து வந்தாலே கண்ணைக் கூசுகிறது. வெள்ளைக்காரர்களும் சீனர்களும் காமிராவோடு வருகிறார்கள். பூசை நேரத்தில்கூட நின்று படம் பிடிக்கிறார்கள். தமிழ்ப் பூசைக்கு மின்விசிறி இருக்கும் பக்கத்து வரிசைதான் நிரம்புகிறது, மற்றது காலி.

சுவரெல்லாம் பலகை மாட்டிக் கோயில் சரித்திரம் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் பிலோ எழுதியது. பழைய தாள்களைப் பாதுகாக்கும் ஆபீசில் வேலை பார்த்தவள் என்று கமிட்டிக்காரர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள் அல்லவா. கமிட்டிச் செயலாளர் திலீப் எனக்கு ஒவ்வொரு பலகையாகத் தமிழில் சொன்னான். எந்தப் பிரெஞ்சுச் சாமி இடம் வாங்கினார், செங்கல் எங்கிருந்து வந்தது, ஜப்பான்காரன் குண்டில் எந்தச் சன்னல் உடைந்தது, எல்லாம் இருக்கிறது. மாதா பீடத்துப் பலகைக்கு வந்ததும் அவன் தொண்டையைக் கனைத்தான். மாதா சுரூபம் பிரான்சில் செய்தது, நீல அங்கி, பிற்காலத்தில் மேலே சுற்றப்பட்ட துணிகள் நீக்கப்பட்டு ஆதி நிலைக்குக் கொண்டுவரப்பட்டது என்று எழுதியிருக்கிறதாம்.

பிற்காலத்தில் சுற்றப்பட்ட துணிகள். அவ்வளவுதான் சாமி, எங்கள் சேலைக்கு அந்தப் பலகையில் கிடைத்த இடம்.

அங்கே இல்லாததை நான் எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும். மாதா கப்பலில் வந்து இறங்கியபோது ரோடு போட வந்த ஜனங்கள்தான் கோயில் ஜனங்கள். மாதா வெள்ளைக்காரி மாதிரி இருந்தாள், பெண்கள் கிட்டப் போகவே கூசினார்கள். அந்த வருஷம் புதிதாக வந்த ஒரு சின்னப்பெண் காய்ச்சலில் செத்தாள். அழுவதற்கு அவளுக்கு இங்கே ஆள் இல்லை. அவள் பெட்டியில் நல்ல சேலை ஒன்று இருந்தது. கூட வந்த பெண்கள் அதைக் கொண்டுபோய் மாதாவுக்குக் கட்டிவிட்டு, நீ இவளுக்குத் தாயாக இரு என்று சொல்லி அழுதார்கள். அன்றிலிருந்து வருஷா வருஷம் திருநாள் கொடியேற்றத்துக்கு முந்தின சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு பெண்கள் மட்டும் மாதாவுக்குச் சேலை கட்டுகிறோம். எத்தனை பேர் செத்திருந்தாலும் அந்த வருஷம் செத்த பெண்களில் வயதில் இளையவள் சேலை. ஒரு வருஷம் மாதா மேல் இருக்கும். பிறகு இறக்கி, செத்தவளின் தாயோ மகளோ ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, துண்டு துண்டாக வெட்டுவோம். அந்த வருஷம் ஞானஸ்நானம் வாங்குகிற பிள்ளைகளை அந்தத் துண்டில்தான் ஏந்திப் போவோம். நீங்கள் இளஞ்சாமியாக இருந்தபோது பிலோவுக்குத் தண்ணீர் ஊற்றினீர்களே, அவளும் அப்படி ஒரு துணியில்தான் கிடந்தாள்.

இதைச் சொல்லித்தான் அவளிடம் சண்டை போட்டேன். சாரத்தில் ஏறி மாதாவைப் பார்த்துவிட்டு வந்தாள். "அம்மா, ஷோல்டர் பூரா ஓட்டைம்மா. பின்னு குத்திக் குத்தி பிளாஸ்டர் மாவா கொட்டுது. இன்னும் பத்து வருஷத்துல கையே விழுந்துரும்" என்றாள். நீ சொல்லுகிற சரித்திரத்துக்கு ஒரு தாளும் இல்லைம்மா, நானும் தேடிட்டேன் என்றாள். பொம்பளைகள் கதவைச் சாத்திக்கொண்டு செய்ததை எவன் தாளில் எழுதி வைப்பான் என்று கேட்டேன். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அப்புறம்தான் அவளுக்கு நோய் என்று எனக்குத் தெரிந்தது. சண்டை அப்படியே நின்றுபோனது, தீரவில்லை.

போன வருஷம் திருநாள் நேரத்தில் கோயில் மூடியிருந்தது. இந்த வருஷம் செத்தவர்களில் இளையவள் என் மகள்தான். அவளுடைய மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டு போனேன். திலீப் கையைப் பிசைந்தான். "ஆன்ட்டி, வேற யாராவது வந்தா நான் ஃபாதர்கிட்ட பேசலாம். இது பிலோ அக்கா போட்ட ரூல். அவங்க சேலைக்கே அதை உடைச்சா நாளைக்கு அவங்க எழுதினதுக்கு என்ன மரியாதை, சொல்லுங்க?" என்றான்.

மாதா சபைத் தலைவி கண்மணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒன் மவ செஞ்ச வேலைதானேடி சவேரி. ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் இல்லேன்னு ஆக்குனா, இப்ப அவளுக்கே இல்ல" என்றாள். அவள் தங்கை லூர்தும் ஈஸ்டர் சமயத்தில் தவறிவிட்டாள். துக்க வீட்டுக்காரி என்று பொறுத்துக்கொண்டேன்.

சாமி, புதுச் சாமி நல்லவர், ஆனால் சீனர், அவருக்கு இதன் அருமை தெரியாது. நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பார். இந்த ஒரு வருஷம் போதும். என் மகள் சேலை மாதா மேல் ஏற வேண்டும். அவளுக்குப் பிள்ளை இல்லை, புருஷன் இல்லை, அவள் பெயரைச் சொல்ல நான் ஒருத்தி. அந்தச் சேலைத் துண்டில் நாலு பிள்ளைகள் கிடந்தால் அதுவாவது இருக்கும்.

உங்கள் ஆசீரை வேண்டும்,
சவேரியம்மாள்


தோ பாயோ
ஜூலை 17

செபஸ்தியான் சாமி அவர்களுக்கு,

உங்கள் பதில் வந்தது. தேறுதலாக இரு, மாதாவின் ஏழு வியாகுலத்தோடு உன் வியாகுலத்தையும் சேர்த்து ஒப்புக்கொடு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது சேலைக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பியது பிரசங்கம்.

அது ஏன் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் கேண்டீனில் திலீப் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். பெரிய சாமிக்கு எழுதியிருக்கிறேன், அவர் சொன்னால் நடக்கும் என்று சொன்னேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஆன்ட்டி, ஒங்களுக்குத் தெரியாதா? கமிட்டி மீட்டிங்ல சேலை வேணாம்னு பிலோ அக்கா சொன்னப்ப நாங்கல்லாம் தயங்கினோம். பெரிய ஃபாதர்தான் மொதல்ல சரின்னார்" என்றான்.

டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாமி, நீங்களா? நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு சேலை கட்டும்போது வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆம்பளைகளை உள்ளே விடாமல் காவல் இருந்தவர் நீங்கள்தானே? ஒரு வருஷம் மழையில் நனைந்துகொண்டே இருந்தீர்களே. கையில் ஏந்திய பிள்ளைத்துணியைப் பார்த்து, இது யார் சேலை என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு, செத்தவள் பெயரைச் சொல்லித்தானே தண்ணீர் ஊற்றுவீர்கள். எல்லாம் சும்மாவா? படித்த பெண் வந்து இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னதும் நாங்கள் முட்டாள்களாகிவிட்டோமா?

என் மகளும் நீங்களும் பேசி முடித்துவிட்டீர்கள். நான் சோறு போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு பதுருன்னிசாவிடம் சொல்லி அழுதேன். ஆஸ்பத்திரியில் பிலோவுக்குக் கஞ்சி ஊட்டியவள், அவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். அவள் எப்போதும் போல, "எங்க பள்ளிவாசல்ல உருவமே கெடையாது, சண்டையும் இல்ல. நீங்க ஒரு மாதாவ வெச்சுக்கிட்டு இந்தப் பாடு படுறீங்க லா" என்று சிரிக்க வைக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தச் சாமிய நேரா கேளுங்கக்கா. காரணம் இல்லாம செய்ற ஆளு மாதிரி தெரியல" என்றாள்.

செத்தவர்கள் மேல் கோபம் வைக்கக்கூடாது என்கிறார்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் இருக்கிறது. அவள் செத்துவிட்டாள், நீங்கள் இருக்கிறீர்கள். அதனால் உங்களைக் கேட்கிறேன். ஏன் செய்தீர்கள்? வேதவசனம் எழுதாமல் பதில் எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம்.

சவேரியம்மாள்


தோ பாயோ
செப்டம்பர் 4

சங்கைக்குரிய சாமி அவர்களுக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். போன கடிதத்தில் ஆசீர் கேட்கவில்லை. அதற்கும் சேர்த்து இதில் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் பதுருன்னிசா போனுக்கு அடித்து, முகத்தைப் பார்த்துப் பேசினீர்கள். இளைத்துப் போயிருக்கிறீர்கள். அன்றைக்கும் என்னால் பேச முடியவில்லை, நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். என் பதிலை இப்போது எழுதுகிறேன். எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

பாவசங்கீர்த்தனத்தில் ரகசியமாகச் சொன்னதல்ல, பூசை உடுப்பு மாற்றுகிற சக்கிறீஸ்தில் நின்று சொன்னது, அதனால் இப்போது சொல்லலாம் என்று ஆரம்பித்தீர்கள். பிலோ உங்களிடம் சொன்னதாக நீங்கள் சொன்ன வார்த்தை ஒன்றுவிடாமல் என் காதில் இருக்கிறது. "சாமி, எனக்கு வந்திருக்கு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நான் போயிட்டா அந்த வருஷம் என் சேலைதான் மாதா மேல ஏறும். அம்மா வருஷம் பூரா அதப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க. அப்புறம் முனையப் பிடின்னு சொல்லி அவங்க முன்னாடியே வெட்டுவாங்க. அவங்களால முடியாது சாமி. ஓட்டை இருக்கறது நெசம். அதச் சொல்லி நிறுத்திடறேன். நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க."

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மகளைப் பறிகொடுத்த ஒருத்தி முனையைப் பிடித்தபடியே மயங்கி விழுந்ததைப் பார்த்தாள். அன்று முழுக்க என் முந்தானையை விடவில்லை. இத்தனை வருஷம் அதை மனதில் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

சாமி, நான் நிம்மதி அடைந்திருப்பேன் என்று நீங்கள் நினைத்தால், இல்லை. எனக்குக் கோபம் அதிகமாகத்தான் ஆனது. யார் கேட்டது அவளை? என்னால் முடியாது என்று அவளுக்கு யார் சொன்னது? அவள் அப்பா செத்தபோது பள்ளிக்கூடக் கேண்டீனில் தட்டு கழுவி அவளைப் படிக்க வைத்தேன், அதெல்லாம் முடிந்ததே. அவளைப் பெட்டியில் வைத்து மூடியதையே பார்த்துக்கொண்டு நின்றேனே, ஒரு துணியை வெட்டுவதையா பார்க்கமாட்டேன்? எனக்கு நோகக்கூடாது என்று கோயில் பெண்கள் எல்லோருடைய வழக்கத்தையும் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள். நோய் வந்ததை என்னிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அதுதான் சாமி, சேலையைவிட அதுதான் ஆறவில்லை.

இரண்டு வாரம் கோயில் பக்கம் போகவில்லை. ஒரு நாள் தேக்கா பஸ் நிறுத்தத்தில் கண்மணியைப் பார்த்தேன். அவள் தங்கை லூர்துவின் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு நின்றாள். திலீப்பிடம் கேட்டுவிட்டு வருகிறாளாம், பிலோ அக்கா சேலைக்கே இல்லை என்ற பிறகு இதற்கு எப்படி என்று அவன் முடியாது என்றிருக்கிறான். "ஒன் மவளுக்கு இல்லேன்னா அடுத்தவ லூர்துதானே, அவளுக்காவது கெடைக்குமான்னு போனேன். ஒம் மவ செத்தும் எங்கள விடல" என்றாள். எப்போதும் வாய்நிறையப் பேசுகிறவள், அதைச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பஸ் வந்தது, ஏறவில்லை. பிலோ எதற்காக நிறுத்தினாள் என்று அப்போது சொல்லியிருந்தால் கண்மணி வாயை மூடியிருப்பாள். எனக்குச் சொல்ல வரவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அது என் மகள் எனக்காகச் செய்தது, அதை ஊர் வாயில் போடமாட்டேன்.

ஆனால் மறுநாள் திலீப்பைக் கூட்டிக்கொண்டு புதுச் சாமியிடம் போனேன். திலீப், "ஆன்ட்டி, மறுபடியும் பிலோ அக்கா சேலையா?" என்றான். இல்லை, லூர்து சேலை என்றேன். அவன் என்னையே பார்த்தான். சாமியிடம் இப்படிச் சொல்லச் சொன்னேன்: இந்த விதியைப் போட்டவளின் தாய் நான். அதை மாற்றச் சொல்லிக் கேட்க வேறு யாருக்கும் வாய் இல்லை, எனக்கு இருக்கிறது. என் மகளுக்காகக் கேட்கவில்லை, அவள் சேலை வராது. மற்றப் பெண்களுக்காகக் கேட்கிறேன்.

புதுச் சாமி உடனே மாதா சுரூபத்தைச் செப்பனிட்ட அம்மாவுக்குப் போன் போட்டார். அந்த அம்மா வந்து பார்த்து, பின் குத்தக்கூடாது, உள்ளே பருத்தித் துணி சுற்றி நாடாவால்தான் கட்ட வேண்டும், நவநாள் ஒன்பது நாள் மட்டும்தான் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். வருஷம் முழுக்க மாதா மேல் இருந்தது ஒன்பது நாளுக்கு வந்து நின்றிருக்கிறது. பலகையில் ஒரு வரி சேர்ப்பார்களாம். சேர்க்கட்டும். நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளவில்லை, கிடைத்ததை வாங்கிக்கொண்டேன்.

கண்மணியிடம் போய்ச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "ஒன் மவ சேலைய விட்டுட்டு எந் தங்கச்சிதக் கட்டுறியா? என்னடி ஆச்சு ஒனக்கு?" என்று கேட்டாள். ஏணியில் நான் ஏறுகிறேன், உனக்கு முட்டிவலி, நீ கீழே நின்று மடிப்பை எடுத்துக் கொடு என்று மட்டும் சொன்னேன்.

நாளைக்குச் சாயங்காலம் கட்டுகிறோம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆள் இல்லை. திலீப் நிற்கிறேன் என்றிருக்கிறான்.

பிலோ உங்களிடம் சொன்னதை நான் மீறவில்லை சாமி. அவள் சேலை மாதாவுக்குப் போகாது, அதை யாரும் வெட்டமாட்டார்கள், நான் முனையைப் பிடிக்கமாட்டேன். அவள் நினைத்தபடியே நடக்கட்டும். ஆனால் நான் அதை உடுத்தக்கூடாது என்று அவள் சொல்லவில்லையே. நாளைக்கு ஏணியில் ஏறும்போது அந்த மயில்கழுத்துப் பட்டைத்தான் உடுத்தப்போகிறேன். அவள் நெடியவள், அவளுக்கென்று அகலம் அதிகமாகப் பார்த்து வாங்கியது, எவ்வளவு தூக்கிச் செருகினாலும் எனக்குத் தரையில் புரளும். இன்றைக்குக் கட்டிப் பார்த்தேன். பதுருன்னிசா கீழே குனிந்து மடிப்பைச் சரிசெய்துகொண்டே, "தடுக்கி விழுந்துடாதீங்கக்கா, அப்புறம் அடுத்த வருஷம் ஒங்க சேலையத் தேடணும்" என்றாள். நான் அறுபது தாண்டியவள், இளையவள் கணக்கில் வரமாட்டேன் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிலோ போன பிறகு நான் சிரித்தது அதுதான்.

எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள் சாமி. சக்கிறீஸ்தில் நின்று அவள் உங்களிடம் அவ்வளவு நேரம் பேசியிருக்கிறாள், நீங்கள் சொன்னது நாலு வார்த்தைதான். மீதி என்ன சொன்னாள்? பயமாக இருக்கிறது என்றாளா? அழுதாளா? என்னைப் பற்றிக் குறையாக ஏதாவது சொல்லியிருந்தாலும் எழுதுங்கள். உட்கார்ந்து நினைவுபடுத்தி, விட்டுவிடாமல் எல்லாவற்றையும் எழுதுங்கள். அம்மாவுக்கு நோகும் என்று அவள் பார்த்தாள், நீங்களும் பார்த்தீர்கள். இனிமேல் யாரும் பார்க்க வேண்டாம்.

உங்கள் ஆசீருக்கும் பதிலுக்கும் காத்திருக்கிற,
பிலோமினாவின் அம்மா
சவேரியம்மாள்